ஜஸீலாவுக்கு நான் பாடிய பின்பாட்டு

அம்சவல்லியை என்னிடமிருந்து பிரித்தவள் ஒரு பாட்டுக்காரி. பெயர் ஜஸீலா, ஊர் நாகப்பட்டினம், எங்கள் பிள்ளைகள் வயதுதான் இருக்கும். அவளை நான் ஒரே ஒரு தடவைதான் நேரில் பார்த்தேன். அன்றைக்கும் ஒரு மண்டபமே கைகொட்டிச் சிரிக்கிற மாதிரி ஒரு காரியம் செய்துவிட்டுத்தான் வந்தேன். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அம்சவல்லியைச் சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

குடவாசலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நான் குஞ்சம்மாள். நடவு செட்டு ஒன்று வைத்திருக்கிறேன். நிலத்துக்காரர்கள் எனக்குத்தான் போன் செய்வார்கள். நான் தெருவில் இறங்கி நாலு வீட்டு வாசலில் குரல் கொடுத்தால் பதினைந்து பெண்கள் சேர்ந்துவிடுவார்கள். மெஷின் நடவு வந்துவிட்டது, வரட்டும். பள்ளத்து நிலத்தில் தண்ணீர் முழங்காலுக்கு நிற்கும்போது மெஷின் இறங்காது, நாங்கள் இறங்குவோம். எங்கள் செட்டை எல்லாரும் தேடி வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்களிடம் அம்சவல்லியின் பாட்டு இருந்தது.

நடவில் பாட்டு என்பது பொழுதுபோக்கு என்று நினைக்காதீர்கள். கை பாட்டைப் பிடித்துக்கொண்டுதான் ஓடும். தலைப்பாட்டுக்காரி ஓர் அடியைப் பாடுவாள், அந்த அடி முடிவதற்குள் மற்றவர்கள் பின்பாட்டை எடுத்துவிட வேண்டும். நடுவில் அறுந்தால் பதினைந்து பேர் கையும் அந்தரத்தில் நிற்கும், வரிசை கோணும், ஒருத்தி முந்துவாள், ஒருத்தி பிந்துவாள். அதனால் தலைப்பாட்டுக்காரிக்கு மூச்சு எங்கே முடியும் என்று தெரிந்துவைத்திருக்கிற ஒருத்தி பக்கத்தில் நிற்க வேண்டும். அம்சவல்லிக்குப் பக்கத்தில் இருபது வருஷத்துக்கு மேல் நின்றவள் நான். அவள் தொண்டை எந்த எழுத்தில் இளைக்கும் என்று அவள் புருஷனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

ஆள் உயரம். எட்டாவது வரை படித்தவள். எதற்கும் அவசரப்பட மாட்டாள். நாற்று முடியைக் கையில் வைத்துக்கொண்டு சேற்றில் நின்றபடியே தண்ணீரில் கிடக்கிற வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மேலே நிமிர்ந்து பார்க்க மாட்டாள், கீழேதான் பார்ப்பாள். ஒரு மேகம் அவள் காலுக்குக் கீழே வந்தால் அதை மிதிக்காமல் தள்ளி நடுவாள். “ஏண்டி, மேகத்துக்கு வலிக்குமா?” என்று கேட்டால், “கலைஞ்சு போயிரும்ல அக்கா” என்பாள். இப்படிப்பட்டவளை வைத்துக்கொண்டு நான் ஏக்கர் கணக்கில் நட்டிருக்கிறேன் என்றால் என் பொறுமையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அவள் புருஷன் வீரையன் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர், அதிகம் பேசாதவர். ஒரே மகள் செம்மொழி. சென்னையில் நர்ஸாக இருக்கிறாள். அந்தப் பெண்தான் பழைய போன் ஒன்றை அம்மாவுக்குக் கொடுத்து, அதில் பாட்டுக் கேட்கவும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாள். அங்கேதான் சனி பிடித்தது.

அம்சவல்லி போனைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி மடியில் கட்டிக்கொள்வாள். தலைத்துண்டுக்கு அடியில் காதில் ஒயர். ஒரு நாள் வரப்பில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கும்போது ஒரு பக்கத்து ஒயரை எடுத்து என் காதில் சொருகினாள். டமார் டமார் என்று ஒரு சத்தம். நான் தூக்குவாளியைக் கீழே போட்டுவிட்டேன்.

“என்னடி இது, டிரான்ஸ்பார்மர் வெடிக்கிற மாதிரி?”

“கொஞ்சம் பொறு அக்கா. உள்ள ஒருத்தி பாடுறா பாரு.”

பொறுத்தேன். உண்மையிலேயே உள்ளே ஒருத்தி பாடிக்கொண்டிருந்தாள். கரகரப்பான குரல். மீன் ஏலம் போடுகிற இடத்தில் நின்று பாடிப் பழகியவள் மாதிரி எந்தச் சத்தத்துக்கும் மேலே வந்து நின்றாள். அந்தச் செட்டுக்குப் பெயர் ‘உப்பங்கழி’. ஜஸீலாவும் மூன்று பையன்களும். ஒருத்தன் டிரம்ஸ், இரண்டு பேர் கிடார். ராக் என்று சொல்வார்களாம். ராக்கோ கீக்கோ, அதில் ஒரு பாட்டு மட்டும் எனக்கே பிடித்துவிட்டது. ஜஸீலா கேட்பாள், “காத்து எந்தப் பக்கம்?” பையன்கள் மூன்று பேரும் திருப்பிக் கத்துவார்கள், “கடல் கெடக்கும் பக்கம்!” எங்கள் நடவுப் பாட்டுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? கேள்வி ஒருத்தியுடையது, பதில் கூட்டத்துடையது.

அம்சவல்லி அதை வயலில் இறக்கினாள். “காத்து எந்தப் பக்கம்?” என்று அவள் இழுப்பாள். நாங்கள் கடலுக்கு எங்கே போவது? “வாய்க்கா வர்ற பக்கம்!” என்று நான் எடுத்துக் கொடுத்தேன். செட்டு முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. கை பறந்தது. நிலத்துக்கார மங்களாம்பிகை அம்மா வரப்பில் குடையோடு வந்து நின்று, “இது எந்தக் கோயில் பாட்டு?” என்று கேட்டார். “நாகப்பட்டினத்துப் பாட்டும்மா” என்றேன். வேளாங்கண்ணிப் பாட்டு என்று நினைத்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர் போகும் வரை சிரிப்பை அடக்கியதில் எங்கள் எல்லாருக்கும் விலா வலித்தது.

அப்படி இரண்டு வருஷம் நன்றாகத்தான் போனது. அதற்கப்புறம் ஒரு மாசி மாதத்தில் ஜஸீலா அந்தப் பையன்களை விட்டு வெளியே வந்துவிட்டாள். சண்டை ஒன்றும் இல்லையாம். ‘இனிமேல் தனியாகப் பாடுகிறேன்’ என்று வீடியோவில் ஒரே வரி சொன்னாள், அவ்வளவுதான். செம்மொழி அம்மாவுக்குப் போன் போட்டு அழுதாள். அந்த வீடியோவுக்குக் கீழே ஜனங்கள் எழுதியதை அம்சவல்லி எனக்குப் படித்துக் காட்டினாள். தலைக்கனம் என்றார்கள், நன்றி கெட்டவள் என்றார்கள், பையன்கள் இல்லாவிட்டால் இவளை யார் கேட்பார்கள் என்றார்கள்.

“சரியாத்தானே எழுதியிருக்காங்க?” என்றேன். “நாலு பேரு சேந்து கஷ்டப்பட்டுப் பேரு வாங்குனா, ஒருத்தி மட்டும் எந்திரிச்சுப் போறதா? என்ன கொழுப்பு!”

அம்சவல்லி போனை அணைத்து மடியில் முடிந்துகொண்டாள்.

ஜஸீலா தனியாகப் பாடிய முதல் பாட்டுகள் சித்திரையில் வந்தன. டிரம்ஸ் கிடையாது, ஆட்டம் கிடையாது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் அவள் வீட்டு மாடியில் உட்கார்ந்து அவளே கிடார் வாசித்துப் பாடியிருக்கிறாள். பின்னால் படகு எஞ்சின் ஓடுகிறது, ஒரு காக்கா கத்துகிறது, யாரோ பாத்திரம் கழுவுகிறார்கள். அம்சவல்லி அதைக் கேட்ட விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஆற்றில் தண்ணீர் இல்லாத காலம். வாய்க்கால் மணலில் புங்கமர நிழலில் மல்லாந்து படுத்திருந்தாள். கண் திறந்துதான் இருந்தது, ஆனால் நான் முன்னால் போய் நின்றது தெரியவில்லை. இலை வழியாக வெயில் இறங்கி அவள் முகத்தில் பொட்டுப் பொட்டாக அசைந்தது. அவள் உதடு மட்டும் சத்தமில்லாமல் எதையோ தொடர்ந்து போய்க்கொண்டிருந்தது.

“அவ மூச்சு வாங்குறது கேக்குது அக்கா” என்றாள் கடைசியில்.

“பாட்டுல மூச்சு கேட்டா அது பாட்டாடி? குறை.”

“முன்னாடி டிரம்ஸ் மறைச்சுரும். இப்ப கேக்குது. எவ்வளவு தூரம் போறா, எங்க முடியாமப் போகுது, எல்லாம் கேக்குது.”

முதல் வருஷம் அந்தப் பெண்ணை யாரும் சீந்தவில்லை. ‘உப்பங்கழி’ பையன்கள் வேறு ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். அம்சவல்லி மட்டும் விடவில்லை. ஜஸீலாவின் ஒவ்வொரு பாட்டையும் பயிரைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். முதல் பாட்டில் குரல் நடுங்குகிறது, மூன்றாவதில் நடுக்கம் இருக்கிறது ஆனால் பயம் இல்லை, அடுத்த வருஷம் வந்ததில் குரல் கீழே இறங்கி நிற்கிறது என்று எனக்கு ஒப்பிப்பாள். இரண்டாவது தொகுப்பு வந்தபோது அதே ஜனங்கள் கீழே வந்து பூவும் இதயமுமாகப் போட்டார்கள். வெளிநாட்டுக்கெல்லாம் கூப்பிட்டார்கள், ஒற்றைக் கிடாரோடு போய் வந்தாள். “பாத்தியா அக்கா!” என்று அம்சவல்லி எனக்குக் காட்டினாள். தன் மகள் வேலைக்குச் சேர்ந்தபோதுகூட அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

ஆனி மாதம். மேட்டூர்த் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்ந்த சமயம். அம்சவல்லி என் வீட்டு வாசலில் நின்று, ராஜராஜன் வீட்டு நிலத்தில் மூன்று மா குத்தகைக்கு எடுத்திருப்பதாகச் சொன்னாள். மூன்று மா என்றால் ஒரு ஏக்கர். ராஜராஜன் சிங்கப்பூரில் இருக்கிறார், நிலம் சும்மாதான் கிடந்தது. நல்ல காரியம்தானே என்று சந்தோஷப்பட்டேன்.

“என்னைக்கு நடவு? செட்டோட வந்து ஒரே நாள்ல முடிச்சுக் கொடுத்துடறேன்.”

“வேணாம் அக்கா. நான் தனியா நடப் போறேன். இனிமே செட்டுக்கும் வரலை.”

“தனியான்னா?”

“தனியாத்தான்.”

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. “யாருடி உனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது? அந்த நாகப்பட்டினத்துக்காரியா?”

அம்சவல்லி சிரித்தாள். “அவ எங்க சொன்னா அக்கா? அவ செஞ்சா.”

குறுவை நடவு முழுக்க அவளோடு நான் பேசவில்லை. எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஊரே அவளைப் பார்த்துச் சிரித்தது. ஒரு ஏக்கரை ஒற்றை ஆளாக நட்டால் என்ன ஆகும்? முதலில் நட்டது வேர் பிடித்துக் கரும்பச்சையாகி நிற்கும்போது நடுவில் இளம்பச்சை, அதற்கப்புறம் நேற்று நட்ட வெளிர்ப்பச்சை, கடைசி மூலையில் வெறும் சேறும் வானமும். பாய் நெய்து பாதியில் விட்ட மாதிரி இருந்தது அந்த வயல். ஆனால் பொய் சொல்லக் கூடாது, சாயங்கால வெயிலில் அது அழகாக இருந்தது. வேறு வேலைக்குப் போகிற சாக்கில் அந்தப் பக்கமாகவே நான் சுற்றிக்கொண்டு போனேன். அவள் பாடுகிறாளா என்று காதைத் தீட்டிக்கொண்டு நடப்பேன். ஒரு நாளும் சத்தம் கேட்டதில்லை. குனிந்த முதுகும் நகர்கிற கையும்தான் தெரியும்.

எங்கள் செட்டிலும் பாட்டு செத்துப்போனது. சம்பா நடவில் பரிதி என்ற சின்னப் பெண் வரப்பில் போனை வைத்து சினிமாப் பாட்டு போட்டாள். அது அதன் பாட்டுக்கு ஓடியது. எங்கள் கைக்காக நிற்கவும் தெரியாது, வேகம் கூட்டவும் தெரியாது. வரிசை கோணிக்கொண்டு போனது. “அம்சக்கா வந்தாத்தான் சரிவரும்” என்று ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள். “குஞ்சக்கா, நீங்களே தலைப்பாட்டு எடுங்களேன்” என்றாள் ஒருத்தி. என்னாலா? எனக்குப் பின்பாட்டு தவிர ஒன்றும் தெரியாது. யாராவது ஆரம்பித்தால்தான் என் தொண்டை திறக்கும்.

குறுவை அறுத்த நிலத்தில் ஐப்பசியில் தாளடி நட வேண்டும். அதற்குள் அம்சவல்லியை எப்படியாவது செட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிட வேண்டும் என்பதுதான் ராப்பகலாக எனக்கு ஒரே நினைப்பு. அப்போதுதான் புரட்டாசியில் அவளே என் வாசலுக்கு வந்தாள்.

“குஞ்சக்கா, தஞ்சாவூர்ல ஜஸீலா பாட வருது. செம்மொழி ரெண்டு டிக்கெட் அனுப்பியிருக்கா. அவளுக்கு லீவு இல்லை. அவரு அந்த இரைச்சல் எனக்கு ஆகாதுன்னுட்டாரு. நீ வர்றியா?”

பல மாதம் முகம் கொடுத்துப் பேசாதவளிடம் வந்து கேட்கிறாள் பாருங்கள், ஒன்றுமே நடக்காத மாதிரி! எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் என் புத்தி வேறு கணக்குப் போட்டது. போகிறோம், அந்தப் பெண் கத்துவதைச் சகித்துக்கொண்டு உட்காருகிறோம், திரும்பி வரும் பஸ்ஸில் பக்குவமாகப் பேசி இவளைத் தாளடிக்கு அழைத்துவிடுகிறோம். “வர்றேன்டி” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கும்பகோணம் போய் பஸ் மாறினோம். அம்சவல்லி பொன்வண்டு நிறச் சேலை கட்டி, கனகாம்பரம் வைத்திருந்தாள். கல்யாணத்துக்குப் போகிறவள்கூட அவ்வளவு அமைதியாகப் போக மாட்டாள். தஞ்சாவூரில் ஒரு காலேஜ் மண்டபம். உள்ளே எல்லாம் பிள்ளைகள், கறுப்புச் சட்டையும் கிழிந்த பேண்ட்டுமாக. நடுவில் நாங்கள் இரண்டு பேர் தலையில் பூவோடு. ஒரு பையன் எழுந்து, “ஆன்ட்டி, இங்க உக்காருங்க” என்று முன்வரிசைக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தான். நல்ல வளர்ப்பு.

ஜஸீலா வந்தாள். அட, இத்துணூண்டு பெண்! முழங்கை வரை மடித்த சட்டை, காலில் செருப்பில்லை. மேடையில் ஒரு நாற்காலி, ஒரு மைக், ஒரு கிடார். இத்தனை பெரிய மேடையில் இவள் ஒருத்தி எப்படி நிரப்புவாள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

அவள் நிரப்பவில்லை. அதுதான் வேடிக்கை. மேடையை அப்படியே வெறுமையாக விட்டுவிட்டு அதன் நடுவில் உட்கார்ந்து பாடினாள். விளக்கு மங்கல் நீலத்தில் இருந்தது. அந்தக் கரகரப்புக் குரல் மெதுவாக எழும்பி, நம் பக்கமாக வந்து, காது மடலைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போனது. ஒரு பாட்டில் படகு ஒன்று கரைக்கு வராமலே நின்றது. ஒரு பாட்டில் அவள் உம்மா துணி உலர்த்தினாள். மூச்சு வாங்கும்போது மைக்கில் அது கேட்டது, ஈரமான சத்தம். நான் எங்கே இருக்கிறேன் என்பதே கொஞ்ச நேரம் மறந்துவிட்டது. அம்சவல்லியைத் திரும்பிப் பார்த்தேன். வயலில் மேகத்தைப் பார்த்து நிற்பாளே, அந்த முகம்.

அப்போது ஜஸீலா கிடாரில் நாலு தட்டுத் தட்டினாள். எனக்கு உடம்பு நிமிர்ந்தது. தெரிந்த பாட்டு! எங்கள் பாட்டு! பழையபடி வேகமாக இல்லை, தண்ணீர் இழுக்கிற மாதிரி நிதானமாக வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள், “காத்து எந்தப் பக்கம்?”

நிறுத்தினாள். கிடாரும் நின்றது. மண்டபமே நின்றது.

பாட்டு அறுந்துவிட்டது என்று என் உடம்பு நினைத்துக்கொண்டது. தலைப்பாட்டுக்காரிக்கு மூச்சு முடிந்தால் நான் எடுத்துக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பதினைந்து பேர் கை அந்தரத்தில் நிற்கும். இருபது வருஷப் பழக்கம் யோசிக்க விடுமா? முழுத் தொண்டையில், நாலு வயலுக்கு அப்பால் கேட்கிற மாதிரி நான் பாடினேன்.

“வாய்க்கா வர்ற பக்கம்!”

ஐயோ! அந்தச் சிரிப்பு! மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கைதட்டினார்கள், விசில் அடித்தார்கள். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். அம்சவல்லி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

ஜஸீலா எழுந்து மேடை ஓரத்துக்கு வந்தாள். “யாருங்க அது, வாய்க்கா?” அவளும் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். இடம் கொடுத்த அந்தப் பையன் என் பக்கம் கையைக் காட்டினான், பாவி.

“நடவுக்காரங்கம்மா” என்றேன். “பழக்க தோஷம். பாட்டு நின்னுருச்சுன்னு எடுத்துட்டேன்.”

“எங்க பாட்டை நடவுல பாடுறீங்களா?” அவள் கண் விரிந்தது. “இதை எங்க பசங்க கேட்டா ஆடிருவாங்க. நல்லா இருந்துச்சுக்கா, நெசமா. ஆனா அந்த எடத்தை நான் வேணும்னே சும்மா விட்டிருக்கேன். முன்னாடி அங்க அவங்க பாடுவாங்க. இப்ப இல்லை. இல்லைங்கறதையும் நான் பாடணும்ல?”

திரும்பிப் போய் உட்கார்ந்தாள். “மறுபடி பாடுறேன்” என்றாள்.

மறுபடி அந்தக் கேள்வி வந்தது. மறுபடி நின்றது. நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். உள்ளே பதில் முட்டிக்கொண்டு வருகிறது, வெளியே விடக் கூடாது. மின்விசிறி சுற்றுகிற சத்தம், எங்கோ ஒரு வளையல் சத்தம். அந்தச் சும்மா கிடந்த இடத்தில் அந்தப் பையன்கள் பாடாமலே பாடினார்கள். நானும்தான். அதற்கப்புறம் ஜஸீலா மூச்சை இழுத்தாள், அது எல்லாருக்கும் கேட்டது, யாரும் கைகொடுக்காமல் அவளே அடுத்த அடிக்குப் போனாள். என் கன்னத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஏன் என்று அப்போது தெரியவில்லை.

வெயில் தாழ பஸ் ஏறினோம். ஜன்னல் பக்கம் அம்சவல்லி. ஐயம்பேட்டை தாண்டியதும் இரண்டு பக்கமும் சம்பாப் பயிர், நடுநடுவே தண்ணீர், தண்ணீரில் சிவப்பாக மேகம். இதுதான் சமயம் என்று ஆரம்பித்தேன்.

“அம்சா, உன் அறுப்பு முடிஞ்சதும் தாளடிக்கு வந்துரு. செட்டு உன்னைத்தான் கேக்குது.”

“வரலை அக்கா.”

“அடியே, நான் என்னடி உனக்குக் குறை வச்சேன்? உன் மூச்சு எப்ப முடியும்னு பாத்துப் பாத்து எடுத்துக் கொடுத்தேனே, இருபது வருஷமா! ஒரு நாளு உன்னைத் திணற விட்டிருப்பேனா?”

அவள் என் பக்கம் திரும்பினாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

“விட்டதே இல்லையே குஞ்சக்கா. ஒரு நாளுகூட விட்டதில்லை. எனக்கு மூச்சு முடியறதுக்கு முன்னாடியே நீ எடுத்துருவ. என் மூச்சு எவ்வளவு தூரம் போகும்னு எனக்கே தெரியாது. அந்தப் பொண்ணு மூச்சு முடியறதைக் கேட்டப்பதான் எனக்கு அது தெரியாதுன்னு தெரிஞ்சுது.”

அடிப்பாவி! நெஞ்சில் குத்தின மாதிரி இருந்தது. தாங்கிப் பிடித்தேன் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், இவள் மூச்சு முட்டியிருக்கிறாள். பாபநாசம் தாண்டும் வரை முன்சீட்டுக் கம்பியையே முறைத்துக்கொண்டு வந்தேன்.

“கோவமா அக்கா?”

“ஆமா.”

“சரி” என்றாள். கொஞ்ச நேரத்தில் என் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள். கனகாம்பரம் என் கழுத்தில் உரசியது. கோபத்தோடேயே அவள் தலை நழுவாமல் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஐப்பசி பிறந்தது. மங்களாம்பிகை அம்மா வீட்டு நிலத்தில் எங்களுக்குத் தாளடி நடவு. அந்த நிலத்துக்கும் அம்சவல்லியின் மூன்று மாவுக்கும் நடுவில் ஒரே ஒரு வரப்பு. நாங்கள் இறங்கும்போதே அவள் அந்தப் பக்கம் குனிந்து நட்டுக்கொண்டிருந்தாள். மழை விட்ட காலை. சேறும் வானமும் ஒரே நிறமாக இருந்தன.

நாங்கள் பாதி வரிசை போயிருப்போம். வரப்புக்கு அந்தப் பக்கமிருந்து பாட்டு வந்தது. சத்தமே இல்லாமல் ஒரு நடவு முடித்தவள் இன்றைக்கு வாய் திறந்து பாடுகிறாள். ஜஸீலாவின் பாட்டு இல்லை, நாங்கள் பாடுவதும் இல்லை. இதுவரை நான் கேட்காத பாட்டு. குரல் மெல்ல ஏறியது, நான் எடுத்துக் கொடுக்கிற இடத்தைத் தாண்டியது, இன்னும் போனது, அடேயப்பா, இன்னும் போனது. அங்கே போய் அறுந்தது.

எங்கள் செட்டில் எல்லார் கையும் நின்றது. பரிதி எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தாள். “சும்மா இருடி!” என்று அதட்டினேன். தண்ணீர் வரப்பு மடையில் கசிகிற சத்தம் கேட்டது. அம்சவல்லி மூச்சை இழுத்துக்கொண்டு தானே அடுத்த அடியை எடுத்தாள். பாடி முடிக்கும் வரை நாங்கள் யாரும் ஒரு நாற்று ஊன்றவில்லை.

அவள் முடித்ததும் செட்டு முழுக்க என்னைப் பார்த்தது. வேலை நிற்கிறது, வெயில் ஏறுகிறது, வரிசை பாதியில் கிடக்கிறது. யாராவது பாட வேண்டும். நாற்று முடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக நானே தலைப்பாட்டை ஆரம்பித்தேன். குரல் எங்கெங்கோ போனது. பெண்கள் வாய்க்குள் சிரித்தார்கள், ஆனால் கை ஓடத் தொடங்கியது. அடியின் பாதியிலேயே எனக்கு மூச்சு தட்டியது. மூச்சு தட்டுகிற இடம் பார்த்துப் பின்பாட்டு எடுக்க என் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. தெரிந்தவள் ஒருத்திதான், வரப்புக்கு அந்தப் பக்கம்.

நான் அவளைப் பார்த்தேன். அம்சவல்லி நிமிர்ந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்கவில்லை. சிரித்துக்கொண்டு வேறு நின்றாள், பாதகத்தி.

எடுத்துக் கொடுக்க மாட்டாள் என்று தெரிந்ததும் நானே மூச்சை இழுத்து அடுத்த அடிக்குப் போனேன்.